சாகத் தயார் என்று அப்பா சொல்வது அவிசுவாசமா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 71 வயது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய், இப்போது ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது, பலனும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா, "போதும்மா, வீட்டுக்குப் போவோம். ஆண்டவர்கிட்ட போக நான் தயார்" என்கிறார். அடக்க ஆராதனையில் என்னென்ன பாட்டு பாட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து நான் அவரைத் திட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும் ஜெபக்குழுவினரோ, "சாவைப் பற்றிப் பேசுவதே அவிசுவாசம், தழும்புகளால் குணமானோம் என்று அறிக்கையிடுங்கள்" என்கிறார்கள். மறைத்துவைத்த பாவம் ஏதாவது உண்டா என்று அப்பாவிடமே கேட்டுவிட்டார்கள். துபாயில் இருக்கும் அண்ணன், சென்னைக்குக் கொண்டுபோ என்று தினமும் போனில் சண்டை போடுகிறான். பகலில் அவ்வளவு தைரியமாகப் பேசும் அப்பா, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "பயமா இருக்கும்மா" என்கிறார். அப்படியானால் அவருடைய விசுவாசம் உண்மையில்லையா? வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. நான் எதற்காக ஜெபிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

மார்ஃபினில் இருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு நாள் பொறுக்கும், வலி பொறுக்காது. டாக்டர் எழுதித் தந்த அளவில், எழுதித் தந்த நேரத்தில், இன்றைக்கே கொடுக்கத் தொடங்குங்கள்.

நான் மருத்துவன் இல்லை. புற்றுநோயாளிகளுக்கு ஆதரவு சிகிச்சை அளிக்கும் குழுவோடு வார்டுகளிலும் வீடுகளிலும் பல வருஷமாக நடக்கிற போதகன். மருந்தைப் பற்றி இங்கே எழுதியிருப்பதை எங்கள் குழுவின் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். கணையப் புற்றுநோயின் வலி மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். அப்பா ராத்திரி எழுந்து உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் மட்டுமே அவரை எழுப்புகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை அவர் எழுந்ததும் "எங்கப்பா வலிக்குது?" என்று முதலில் கேளுங்கள். நிறைய ஆண்கள், அதிலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்த்த வாத்தியார்கள், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொன்றுவிடாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். குமட்டல் வந்தாலும் முதல் சில நாட்களோடு பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதனால் மலமிளக்கி மருந்தையும் முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுப்பார்கள், அந்தக் கணக்கு தப்பக் கூடாது. நீங்களாக அளவைக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். அதற்கும் வலி அடங்காவிட்டால், வயிற்று நரம்பு முடிச்சில் போடும் ஊசி இவருக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வலிமருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சாகக் கிடப்பவர்களுக்கு மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுத்து வலியைத் தலைதூக்க விடாமல் வைக்கும் முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதற்குப் பிறகு டாக்டர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். உடம்பின் வலி, மனசின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆத்துமாவின் கேள்விகள் எல்லாம் ஒரே வலியாகத்தான் ஒரு மனுஷனை அழுத்துகின்றன என்று அவர் சொன்னார். உங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பது அதுதான்.

சரி, இனி அந்த பயத்துக்கு வருகிறேன்.

பகலில் "தயார்" என்றவர் ராத்திரி "பயமா இருக்கு" என்றால், இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது 56-ஆம் சங்கீதம். பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கலாம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது; நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று சீஷர்களிடம் கேட்டார். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தேவகுமாரனே கேட்டிருக்கும்போது, ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் தன் மகளின் கையைப் பிடிக்கக் கூடாதா? சீஷர்கள் தூங்கிவிட்டார்கள். நீங்கள் விழித்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அப்பாவுக்கு வசனம் சொல்லித் தைரியப்படுத்த வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். "எதை நினைச்சா பயமா இருக்குப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

பதில் பெரும்பாலும் நாம் நினைப்பதாக இருக்காது. நரகம், நியாயத்தீர்ப்பு என்று சொல்பவர்கள் நான் பார்த்தவரையில் குறைவு. மூச்சு முட்டுமோ, படுக்கையிலேயே எல்லாம் போய் மகள் அள்ள வேண்டி வருமோ, மனைவியை யார் பார்ப்பார்கள், மாத்திரை வாங்கியே வீட்டுப் பணம் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயப்படுவார்கள். இவற்றில் பாதிக்கு மேல் பதில் உண்டு. மூச்சுத்திணறலுக்கும் மருந்து உண்டு, அதே மார்ஃபினைக் குறைந்த அளவில் கொடுத்தே அதைத் தணிப்பார்கள். இதை டாக்டர் வாயால் அப்பாவே கேட்கட்டும். அம்மாவைப் பற்றிய கவலை என்றால், "அம்மா என்கூட இருப்பாங்க" என்று நீங்கள் ஒரு வாக்கு கொடுத்தால் போதும். அதற்குப் பிறகும் அவர் ஆத்துமாவைப் பற்றியே பயந்தால், "நான் செய்த பாவங்கள்" என்று தொடங்கினால், சமாதானம் சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். சேகர குருவானவரை வரச் சொல்லி இருவரையும் தனியாக விடுங்கள். பாவ அறிக்கையும் மன்னிப்பும் அந்த மாதிரி நேரத்துக்குத்தானே நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டிலேயே நற்கருணையும் கொடுக்கச் சொல்லுங்கள். இப்போது, அவரால் விழுங்க முடிகிற காலத்திலேயே.

ஜெபக்குழுவினர் உங்கள் அப்பாவை நேசிப்பவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறைத்துவைத்த பாவம் உண்டா என்று அவரிடம் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் வியாதிக்காரனின் படுக்கை ஓரத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

குணமாகாமல் இருப்பது விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என்றால் வேதத்தில் பலருடைய பெயரை அடித்துவிட வேண்டியிருக்கும். இரண்டு மடங்கு ஆவியின் வரத்தைக் கேட்ட எலிசா தீர்க்கதரிசி வியாதியில்தான் மரித்தார். பிறகு அவருடைய எலும்புகள் பட்டு ஒரு பிரேதம் உயிர்த்தது. அப்படிப்பட்டவருக்கா விசுவாசம் இல்லை? பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாகத் தானே எழுதுகிறார். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்துப் 15 வருஷம் கூடுதலாகப் பெற்றார், அந்த 15 வருஷமும் ஒருநாள் முடிந்தது. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் இரண்டாம் முறை மரித்தே இருப்பான். உங்கள் ஊரிலிருந்து வெகு தூரமில்லாத டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்தவர். 1951 ஜனவரியில் கண்மூடும்வரை பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலும்தான் இருந்தார், வலியோடு. எத்தனை பிள்ளைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்கள். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவைத்த அந்த அம்மையாரை விசுவாசம் குறைந்தவர் என்று நம் பகுதியில் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்" என்று பேதுரு எழுதும் வசனத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருக்கும்படி அவர் நம் பாவங்களைச் சிலுவையில் சுமந்தார் என்பதுதான் அங்கே பேச்சு. அந்தக் குணம் உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உடம்பின் குணமும் வரும், உயிர்த்தெழுதலில் நிச்சயமாக வரும். அதற்கு முன்னாலேயே வர வேண்டும் என்று கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. நானும் வியாதியஸ்தர் தலையில் கை வைத்துக் குணமாக ஜெபிக்கிறவன்தான். டாக்டர்கள் சொன்ன காலத்தைத் தாண்டி வாழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் "நான் சாகப் போகிறேன்" என்று ஒரு மனுஷன் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் "அப்படிச் சொல்லாதீங்க" என்று தடுத்தால், அவர் தன் சாவைத் தனியாகச் சுமந்துகொண்டு போக வேண்டியதாகிவிடுகிறது. இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

"தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பவுல் எழுதினால் வேதவாக்கியம் என்கிறோம், அதையே நம் வீட்டு அப்பா சொன்னால் அவிசுவாசம் என்கிறோமே, இது என்ன நியாயம்? குழுவினர் அடுத்த முறை வரும்போது வாசலிலேயே பணிவாகச் சொல்லுங்கள்: "அப்பா ரொம்பக் களைச்சிருக்காங்க. ஒரு சங்கீதம் வாசிச்சு, ஒரு பாட்டு பாடி, சமாதானத்துக்காக ஜெபம் பண்ணிட்டுப் போங்க. சுகத்துக்கும் ஜெபிங்க, ஆனா அப்பாகிட்ட கேள்வி எதுவும் கேட்காதீங்க." ஒத்துக்கொள்ளாதவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஜெபிக்கட்டும். வீட்டுப் பெண்ணாக அப்படிச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், குருவானவரையோ உபதேசியாரையோ விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தயாராக இருப்பவருடைய வீட்டில் யாரும் அழக் கூடாது, "மகிமைக்குப் போகிறார்" என்று சிரித்த முகமாகவே இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேதம் மரணத்தை அப்படி அலங்கரிக்கவில்லை. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறது. சத்துரு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டுத்தான், அது ஜெயிக்காது என்றும் சொல்கிறது. யோவான் 11-ஆம் அதிகாரத்தில், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று மார்த்தாளிடம் சொன்ன அதே இயேசு, சில வசனங்கள் தாண்டியதும் கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் எதற்கு அழ வேண்டும்? அங்கே அழுகிறவர்களைப் பார்த்து அழுதார். நீங்களும் அழுங்கள். சமையலறைக்குள் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழாமல், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே அழலாம். அவருக்கு அது பாரமாக இருக்காது. உங்களைத் தேற்றுகிற அப்பாவாக இன்னும் கொஞ்சக் காலம் இருக்க அவருக்கு அது ஒரு வாய்ப்பு.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று ஓட்டமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். எலும்பும் தோலுமாகிவிட்ட இந்தக் கைகால்களை ஆண்டவர் வேண்டாம் என்று தள்ளிவிடவில்லை, இவற்றை மகிமையாக எழுப்புவார் என்பதுதான் அதற்குப் பொருள். ஆகவே அப்பாவைக் குளிப்பாட்டித் துடைப்பது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, உதட்டில் ஈரப்பஞ்சை வைப்பது எல்லாமே அந்த நம்பிக்கையைக் கையால் அறிக்கையிடுவதுதான்.

எதற்காக ஜெபிப்பது என்று கேட்டீர்கள். மனசில் இருப்பதைக் கேளுங்கள். அப்பா பிழைக்க வேண்டும் என்று இருந்தால் அதையே கேளுங்கள், பிறகு கெத்செமனேயில் ஆண்டவர் முடித்ததுபோல முடியுங்கள்: "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." இரண்டையும் சேர்த்துச் சொல்வது முரண்பாடு இல்லை.

எங்கள் குழு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த ஒரு பாட்டியை உங்களுக்குச் சொல்கிறேன். பனையேறி வீட்டு அம்மா, கையெழுத்துப் போடத் தெரியாது, கர்ப்பப்பையில் புற்று. குடிசையில் கயிற்றுக் கட்டில், தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர். நான் போகிற நேரம் பெரும்பாலும் விளக்கேற்றும் வேளையாக இருக்கும். நான் ஜெபித்து முடித்ததும், தானும் ஒரு ஜெபம் செய்வார்கள். "ஆண்டவரே, இன்னைக்குப் பொழுது முடிஞ்சுது. ராத்திரிக்கு நீரு பாத்துக்கிடும்." அவ்வளவுதான். சில நாள் வலியில் முகம் கோணியிருக்கும், அப்போதும் இதே வார்த்தைதான். நாளைக்கு, அடுத்த மாதம், பரலோகம் என்று எதையும் கேட்டதில்லை. ஒரு ராத்திரிக்கு மட்டும் கேட்பார்கள். இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு, நம்புவது என்றால் என்ன என்று அந்தக் கட்டில் பக்கத்தில்தான் விளங்கியது. உங்கள் அப்பாவோடு சேர்ந்து ராத்திரிக்கு இந்த அளவு ஜெபம் போதும். அதற்கும் முடியாத நாளில் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், அவர் உதடு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம், பைபிளுக்குள் இருக்கும் அந்தத் தாள். அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போங்கள். ஏன் இந்தப் பாட்டு, எந்த வருஷம் எங்கே கேட்டது, யார் பாடியது என்று கேளுங்கள். எழுதி வைத்த பாட்டுகளை அடக்கத்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் ஒவ்வொரு சாயங்காலமும் ஒன்றாக அவர் காதில் பாடிவிடுங்கள்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பது நல்லது. சாப்பாடு குறைந்துகொண்டே போகும், கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், புரையேறும். பசியால் சாகிறார் என்று நினைக்க வேண்டாம், உடம்பு முடிகிறபோது பசியே இருப்பதில்லை. நாளெல்லாம் தூங்குவார். கைகால் குளிர்ந்துபோகும். மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்க்கிற நமக்குத்தான் அது கஷ்டம், அந்த நிலையில் அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. பதில் பேசாவிட்டாலும் காது கேட்கிறது என்றே நினைத்துப் பேசுங்கள். இதெல்லாம் தெரியாத குடும்பங்கள்தான் பதறிப்போய் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விடைகொடுக்கிறார்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்பது அப்பாவின் விருப்பமானால், அதை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அங்கீகரித்தது, 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்க்க, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்து வையுங்கள். 2021 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கான ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் அண்ணனைக் கோபிக்காதீர்கள். தூரத்தில் இருப்பவனுக்கு அப்பாவின் உடம்பு கண்ணில் படவில்லை, போன வருஷம் பார்த்த அப்பாதான் மனசில் இருக்கிறார். சென்னைக்குக் கொண்டுபோ என்று அவர் சொல்வது, நான் எதுவும் செய்யவில்லையே என்ற தவிப்பில் வருகிற பேச்சு. ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை வாட்ஸாப்பில் அனுப்பி, அவரே டாக்டரோடு பத்து நிமிஷம் பேச ஏற்பாடு செய்யுங்கள். வேறு ஒரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால், காகிதங்களைக் காட்டியே கேட்கலாம், அப்பாவை அறுநூறு கிலோமீட்டர் அலைக்கழிக்க வேண்டியதில்லை. முக்கியமாக, அடக்கத்துக்கு வருவதற்கென்று எடுத்து வைத்திருக்கும் லீவை இந்த வாரமே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அப்பா இன்னும் பேசுகிறார், சாய்ந்து உட்காருகிறார், ஆள் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கையைப் பிடிக்க அண்ணனுக்கும் ஒரு முறை வரட்டும், நீங்கள் அன்றைக்குக் கொஞ்சம் தூங்கலாம்.

உங்கள் வீட்டுக்காக ஜெபிக்கிறேன்.

மருத்துவமனைப் போதகர்